நீர்பாய்ச்சிக்கு அளக்கும் நெல்

டீயை எடுத்துக்கொள் மாப்பிள்ளை, பேச்சு நீளும். உங்கள் ஐயா விட்டுப்போன இரண்டு ஏக்கரைக் கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாய். அந்த நிலம் இருக்கிற ஊர் நிற்குமா நிற்காதா என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். இளையான்குடிக்கும் பரமக்குடிக்கும் நடுவே அறுபது தலைக்கட்டு. ஒரு கண்மாய், ஓர் ஊருணி, ஓர் ஐயனார் கோவில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். இந்த அளவுள்ள ஊர் இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்குமா? உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

யாரைக் கேட்டாலும் மூன்று காரணம் சொல்வார்கள். மழை பெய்வதில்லை, இளவட்டம் ஊரில் இல்லை, வெள்ளாமை கட்டுபடியாகவில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் ஒரே மழை பெய்து, ஒரே நெல்லும் மிளகாயும் விளைந்து, ஒரே திருப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த இரண்டு ஊர்களில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்து ஊரில் பூட்டிய வீடுகளே அதிகமாக இருக்கின்றன. இதை நம் சீமையில் நீயே பார்க்கலாம். அந்த மூன்று காரணங்களும் இரண்டு ஊருக்கும் பொது என்றால், இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஊர்ப் பொதுவேலைக்கு ஓர் ஆள் இருக்கிறாரா, அவருக்கு உரிய பங்கை ஊர் தவறாமல் அளக்கிறதா. நான் பார்த்தவரை அங்கேதான் ஒரு ஊர் இன்னொரு ஊரிலிருந்து பிரிகிறது. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அறுபது வீட்டில் 250 பேர் இருப்பார்கள் என்று வை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தில் அரசு வைத்திருக்கும் அளவு. வருஷம் முழுவதும் ஊருக்கு எவ்வளவு ஆகிறது? ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர். இப்போது நெல்லைப் பார். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை ஒரு வயலுக்கு 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர் வருகிறது. அதாவது, ஊர் மொத்தமும் ஒரு வருஷம் குடித்து, குளித்து, துவைத்துப் புழங்கும் தண்ணீரை ஒரே ஒரு ஏக்கர் நெல் குடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கை நீ மறக்கவே கூடாது. ஒரு சின்ன ஊர் உயிரோடு இருக்க ஆகும் தண்ணீர் மிகக் கொஞ்சம். ஓர் ஊருணியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் கிடைத்துவிடும். முன்னெல்லாம் ஊருணியில் கால் கழுவவிட மாட்டார்கள், ஆடு மாட்டை இறக்கவிட மாட்டார்கள். அது குடிதண்ணீர் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. இப்போது காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் நம் சீமைக்கு வருகிறது. வரட்டும், நல்லதுதான். இடுப்பில் குடத்தோடு மைல் கணக்கில் நடந்த உங்கள் அப்பத்தாவைக் கேட்டால் அந்தக் குழாயின் அருமையைச் சொல்வார். ஆனால் குழாய் வந்த கையோடு ஊருணியைக் குப்பை கொட்டும் இடமாக ஆக்கிய ஊர்கள், எங்கோ ஒரு மோட்டார் பழுதானால் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கின்றன.

ஊர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, பிழைக்கவும் வேண்டும். அதற்குத்தான் கண்மாய். நம் பக்கம் வருஷத்துக்கு 800, 900 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். ஒரு ஏக்கரில் விழும் மழை முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் அந்த ஏக்கரின் நெல்லுக்குப் பற்றாது. பல ஏக்கர் மேட்டில் விழுந்ததை ஓர் இடத்தில் சேர்த்து, சில ஏக்கர் பள்ளத்துக்குக் கொடுத்தால்தான் நெல். பாண்டிய நாடு முழுக்கக் கண்மாய் வெட்டி வைத்ததன் காரணம் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று எண்ணினால் 39,000-க்கு மேல் வரும். அதில் பெரும்பங்கு நம் கண்மாய் மாதிரி சின்னது. ஆற்றுத் தண்ணீரைக் கண்ணால் காணாமல் மழையை மட்டுமே நம்பி நிற்பவையும் ஏராளம்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேட்டிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். தண்ணீர் நிற்கிற பக்கம் உள்வாய். நிறைந்ததும் மிச்சத்தை வெளியே விடுவது கலிங்கு. அந்த மிச்சம் வீணாகப் போவதில்லை. அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் அங்கே ஆரம்பிக்கிறது. அதனால் மேல் ஊர்க்காரர்கள் கலிங்கை இரண்டு கல் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊர் காய்ந்துபோகும். இதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையும் நடந்திருக்கிறது, ஒப்பந்தமும் நடந்திருக்கிறது. ஒரு ஊர் தன் நன்மையை மட்டும் பார்த்து நீடித்துவிட முடியாதபடிதான் நிலத்தின் வாட்டமே அமைந்திருக்கிறது.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண் நிற்பதைப் பார்த்திருப்பாய். குறுக்கே கல்சட்டம் போட்டிருக்கும். சிலவற்றில் கல்வெட்டும் இருக்கும். அது சும்மா நட்டு வைத்த தூண் இல்லை. அதுதான் குமிழித் தூம்பு. தூணுக்கு அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, தரைமட்டத்தில் பக்கவாட்டில் சின்னத் துளைகள். மேல்துளையில் அடைப்புக் கட்டை. மடை திறப்பவர் கரையிலிருந்து நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, அந்தக் கட்டையைத் தூக்குவார். மேல்துளை வழியாகத் தெளிந்த தண்ணீர் இறங்கும். அந்த இழுப்பில் அடித்துளைகள் வழியாகச் சேறும் கூடவே போகும். மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பது சேறோடித் துளை. தண்ணீர் கொடுக்கும்போதே கண்மாய் தன் வண்டலில் ஒரு பங்கை வயலுக்குத் தள்ளிவிடுகிறது. வயலுக்கு உரம் சேர்கிறது, மடை வாயில் மண் தூர்வதும் குறைகிறது. இதை யோசித்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கும்பிடத் தோன்றும். பிறகு வந்தவை திருகு வைத்த இரும்பு ஷட்டர்கள். திறப்பது சுலபம்தான், சேற்றைத் தள்ளும் வேலையை மட்டும் அவை செய்வதில்லை.

மூழ்கிக் கட்டையைத் தூக்குகிறார் என்றேனே, அவர்தான் நீர்பாய்ச்சி. சில ஊரில் மடைக்குடும்பன், சில ஊரில் நீர்க்கட்டி. நான் சொன்ன பொதுவேலைக்காரர் இவர். ஆவணி, புரட்டாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டு வரத்துக்காலைச் செதுக்க வைப்பது இவர் வேலை. அடைமழை இரவில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்து நண்டு வளை, எலி வளையில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் ஊரை எழுப்புவார். நடவு முடிந்ததும் எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்பதை நிலத்துக்காரர் முடிவு செய்வதில்லை, இவர்தான் முடிவு செய்வார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வயலாகத் திறந்து அடைத்துக்கொண்டே போவார். தலைமடையில் இருப்பவர் பணக்காரர், கடைமடையில் இருப்பவர் ஏழை என்றாலும் இருவர் வயலும் நனைய வேண்டும். இவருக்குப் பெரும்பாலும் அந்தக் கண்மாய்க்குக் கீழே சொந்த நிலம் இருக்காது. இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்றே ஊர் அப்படி வைத்திருந்தது. கண்மாய் பாதிதான் நிறைந்தது என்றால், சில ஊர்களில் எல்லோரும் தங்கள் நிலத்தில் ஒரு பங்கு மட்டும் நடவேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அதைக் காவல் காப்பவரும் இவர்தான்.

அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், நிலத்துக்காரர் வீட்டுக்கு மூட்டை ஏறும் முன்பே, ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நீர்பாய்ச்சிக்கு அளந்துவிட வேண்டும். விளைந்தால் அவருக்கும் உண்டு, விளையாவிட்டால் அவருக்கும் இல்லை. கடைமடை வயல் காய்ந்தால் அவருடைய பங்கில் அந்த மரக்கால் குறையும். அதனால் அவர் கடைமடையை மறக்க மாட்டார்.

இதில் ஒன்றை மறைத்துப் பேசக் கூடாது மாப்பிள்ளை. அந்த வேலையைப் பெரும்பாலும் ஊரின் கடைசித் தெருவில் இருந்தவர்கள்தான் செய்தார்கள். கண்மாயின் உயிரே அவர்கள் கையில் இருந்தது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குச் சமமாக உட்கார இடம் இல்லை. அவர்கள் பிள்ளைகள் படித்து, வேறு வேலைக்குப் போய், இந்த வேலை எங்களுக்கு வேண்டாம் என்றபோது அது நியாயமான முடிவு. பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். அந்த வேலை வேண்டும். அதைச் செய்கிறவருக்கு மாதச் சம்பளமும் மரியாதையும் கூட்டத்தில் நாற்காலியும் வேண்டும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும். ஊர் அதற்குத் தயாராக இல்லையென்றால், கண்மாய் தூர்ந்துபோனதற்கு மழையைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சோழர் காலத்தில் உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை குடவோலையோடு எழுதியிருக்கிறது. ஏரியின் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் வந்து விளைச்சலில் வரியைத் தான் வாங்கிக்கொண்டான், அந்த மானியம் பல ஊரில் கரைந்துபோனது. மராமத்து நடக்கவில்லை என்றதும் 1858-இல் சட்டம் போட்டு, குடிகள் கட்டாயம் வந்து குடிமராமத்து செய்ய வேண்டும் என்றான். பங்கைப் பறித்துக்கொண்டு வேலையை மட்டும் கேட்டால் எவர் வருவார்? சுதந்திரத்துக்குப் பிறகு நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். அதோடு கண்மாய் ‘கவர்மெண்ட் கண்மாய்’ ஆயிற்று. வரத்துக்கால் அடைத்தால் மண்வெட்டியை எடுப்பதற்குப் பதில் மனு எழுத ஆரம்பித்தோம்.

அடுத்தது போர்வெல். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பிறகு, வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு குழாய் இறக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கண்மாய் ஏமாற்றும் வருஷத்தில் ஒரு குடும்பம் தப்பிக்க வழி தேடுவது இயல்புதான். விளைவை மட்டும் பார். போர் உள்ளவர் வரத்துக்கால் செதுக்க வருவதில்லை. அவர் வராதபோது மற்றவர்களுக்கும் மனசு விட்டுப்போகிறது. நீர்பாய்ச்சிக்கு அளக்கும் வீடுகள் குறைகின்றன. அவர் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார். மடை அடைபடுகிறது, கண்மாய் தூர்கிறது, தண்ணீர் நிற்கும் நாள் குறைகிறது. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கீழே ஊற்று ஊறும் என்பதால் கடைசியில் போரும் வற்றுகிறது. அப்போது இன்னும் ஆழம். நம் பக்கம் பல இடத்தில் ஆழம் போனால் உவர்த் தண்ணீர். 1960-களில் தமிழ்நாட்டின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரி, கண்மாய்களை நம்பியிருந்தது. இன்று அந்தப் பங்கில் பாதிகூட இல்லை. பாதிக்கு மேலான பாசனம் கிணற்றுக்கும் போருக்கும் போய்விட்டது.

சீமைக் கருவேலை எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே. விறகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நம் வறண்ட சீமையில் விதைத்தது. தூர்ந்த கண்மாய், தரிசு வயல், வரத்துக்கால் என்று எங்கே ஆள் நடமாட்டம் நின்றதோ அங்கே அது குடியேறும். 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரே அதை வில்லனாகப் பேசியது. நான் அப்படிப் பேச மாட்டேன். வெள்ளாமை இல்லாத வருஷங்களில் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது. வரத்துக்காலிலும் உள்வாயிலும் அது இருக்கக் கூடாது, வேரோடு எடுக்க வேண்டும். மேட்டுத் தரிசில் நிற்பதை ஊராட்சி முறையாக ஏலம் விட்டு, அந்தப் பணத்தை வரத்துக்காலுக்குச் செலவழிக்கலாம்.

பணம் என்றதும் கண்மாயின் மீனும் நினைவுக்கு வரவேண்டும். தண்ணீர் வற்றும் மாசி, பங்குனியிலிருந்து வைகாசி வரை நம் சீமையிலும் மேலூர், சிங்கம்புணரிப் பக்கமும் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் காலை வைக்க மாட்டார்கள். வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நூற்றுக்கணக்கில் இறங்குவார்கள், பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து. விராலும் கெளுத்தியும் கெண்டையும் கிடைத்தவருக்குக் கிடைத்தது. அதை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று சாயங்காலம் தெருவெல்லாம் ஒரே மணம். சில ஊரில் இதை நிறுத்திவிட்டு மீன் பாசிக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகையில் தவறில்லை, அந்தப் பணம் மடைக்கும் கரைக்கும் திரும்ப வந்தால். மீனின் காசு வேறெங்கோ போய்விட்டால், கண்மாய்க்கென்று இருந்த கடைசி வருமானமும் போயிற்று என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்குத்தான். 250 பேர் உள்ள ஊரில் வருஷத்துக்கு மூன்று, நான்கு குழந்தை பிறக்கும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 17, 18 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதாவது ஒன்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், மதியச் சாப்பாடு, இப்போது காலைச் சாப்பாடும். கோயம்புத்தூரில் எவ்வளவு பீஸ் கட்டினாலும் ஒரு வாத்தியார் ஒன்பது பிள்ளையைப் பார்க்கிற வகுப்பு உனக்குக் கிடைக்காது. ஆனால் பாதி வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேனில் ஏற்றிவிட்டால் மிச்சம் எட்டோ ஒன்பதோ. பிறகு ஒரு நாள் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்க்கும் பேச்சு வரும். பள்ளி போன ஊரில் கல்யாணமான இளம் ஜோடி குடித்தனம் வைக்கத் தயங்கும். வேனில் ஏற்றுகிற ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் நன்மையைத்தான் பார்க்கிறது. ஆனால் போர்வெல் கதையேதான் இங்கும் நடக்கிறது. பஸ்ஸுக்கும் இதுதான். ஏறுகிறவர்கள் இருந்தால் வண்டி வரும். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானதும், நம் பக்கத்துப் பெண்கள் டவுனில் வேலைக்குப் போய்விட்டு இரவு ஊருக்கே திரும்புகிறார்கள். ஊரைக் காலி செய்யாமல் டவுன் சம்பளம் வாங்க ஒரு வழி கிடைத்தது. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி நீ வருத்தத்தோடு பேசினாய். போனது தப்பே இல்லை. இரண்டு ஏக்கரும் ஒரு போக நெல்லும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை எந்தக் காலத்திலும் வசதியாக வைத்ததில்லை. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன சீமைதான் இது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிங்கப்பூரில் இருப்பவரும் சாமி கும்பிடுக்குத் தலைக்கட்டு வரியைத் தவறாமல் அனுப்புகிறார். அவர் பெயர் நோட்டில் இருக்கிறது, எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். அதாவது ஊரின் கணக்கில் அவர் இன்னும் ஊர்க்காரர். புரவியெடுப்புக்கு நாள் குறித்ததும் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுத்துத்தான் குதிரை செய்யச் சொல்கிறோம். குதிரைக்கான களிமண்ணும் கண்மாய் மண்தான். சாமிக்குக் கொடுக்கும் வரியில் பத்தில் ஒரு பங்கைச் சாமி நிற்கும் கரைக்கு ஒதுக்கினால் ஐயனார் கோபித்துக்கொள்ளவா போகிறார்? கண்மாய்க் கரையில் அவரை உட்கார வைத்ததே காவலுக்குத்தானே. அந்தப் பத்தில் ஒரு பங்கும் மீன் குத்தகையும் சேர்ந்தால் ஒரு நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

ஒரு ஊர் ஒற்றுமையாக ஒரு விதியை வைத்துக்கொண்டால் அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள். 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கல்யாணத்துக்கும் வேட்டு இல்லை. மழைக்காலத்தில் வந்து கூடு கட்டும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் பயந்து பறந்துவிடக் கூடாது என்று. பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதையும் அவர்கள் அறிவார்கள். எந்த வீட்டுக்காரரும் தனக்கென்று தனியாக அந்தப் பறவைகளை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வீடு ஒரு சரம் வெடித்தால் எல்லோருக்கும் நஷ்டம். குழந்தைகள்கூட அதை மதிக்கிறார்கள் என்பதுதான் அந்த ஊர்களின் பலம்.

அரசு பக்கம் முழுக்க இருட்டு இல்லை. நூறு நாள் வேலை 2006-இல் முதலில் வந்த தமிழ்நாட்டு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. வரத்துக்கால் வேலை அதில் நிறையவே நடந்தது, அதில் கூலி வாங்கிய கையில் பெரும்பாலானது பெண்களின் கை. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நூறு கோடி ரூபாயில் 1,519 வேலைகள் என்று தொடங்கினார்கள். வண்டல் மண்ணை விவசாயிகள் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். எங்கே தடுமாறுகிறது என்றால், எந்தக் கால் முதலில், எவ்வளவு ஆழம் என்பதை ஊர் சொல்லாத இடத்தில் காண்டிராக்டர் சொல்கிறார். அவருக்கு லாரி போக வசதியான இடத்தில் பள்ளம் விழுகிறது. மடைக்குக் கீழே ஆழம் தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது என்று சொல்ல நீர்பாய்ச்சி ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இப்போது உன் இரண்டு ஏக்கருக்கு வருகிறேன். விற்கலாம், வைத்துக்கொண்டு வெள்ளாமை செய்யலாம், சும்மா போட்டுவைக்கலாம் என்று மூன்று வழி. இதில் மூன்றாவதை மட்டும் செய்யாதே. நம் ஆயக்கட்டில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குத்தான் போகிறது. நடுவில் ஒரு வயல் தரிசானால் அதில் கருவேலை முளைக்கும், வரப்பு உடையும், காட்டுப்பன்றி தங்கும். கீழே இருப்பவர் தண்ணீர் கொண்டுபோக முடியாமல் அவரும் போட்டுவிடுவார். விலை ஏறட்டும் என்று வெளியூரில் இருந்துகொண்டு பூட்டிவைக்கும் நிலம், பக்கத்து நிலத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறது. விற்பதென்றால் உழுகிறவருக்குக் கொடு, விலை கொஞ்சம் குறைந்தாலும். வைத்துக்கொள்வதென்றால் ஊரில் யாருக்காவது வாரத்துக்கு விடு. நீர்பாய்ச்சிப் பங்கு உழுகிறவர் தலையில் மட்டும் விழாமல் உன் பங்கிலிருந்தும் பாதி போகட்டும். கொஞ்ச வருஷம் நெல்லை மட்டும் நம்பாமல், தண்ணீர் குறைந்த பட்டத்தில் முண்டு மிளகாய் போடச் சொல். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நெல் அளவுக்குத் தண்ணீர் கேட்பதில்லை.

இன்னொன்றும் செய். கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லோரும் அக்டோபர் 2-ஆம் தேதி போய் வரத்துக்காலைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்போது பேசித் தீர்மானம் எழுதி ஆள் இறங்குவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வரத்துக்காலுக்கு ஆகஸ்ட் 15, வண்டல் எடுப்பதற்கு மார்ச் 22. ஆகஸ்டுக்கு லீவு போட்டுவிட்டு வா. வருவதற்கு முன் தாலுகா ஆபீசில் நம் வரத்துக்கால் போகும் சர்வே எண்களுக்குப் புல வரைபடமும் ‘அ’ பதிவேட்டு நகலும் வாங்கி வை. கால் எத்தனை அடி அகலம், எங்கே வளைகிறது என்று அதில் இருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்களோடு மேட்டிலிருந்து கண்மாய் வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கால் குறுகியிருக்கிறது என்று சர்வே எண்ணோடு சொல்லித் தீர்மானத்தில் எழுதச் சொல். சம்பளத்துக்கு ஒரு நீர்பாய்ச்சி வைப்பதையும் அதே கூட்டத்தில் எழுப்பு. யார் கொடுப்பது என்று கேட்பார்கள். முதல் வருஷத்துக்கு உன் பங்கு இவ்வளவு என்று தொகையைச் சொல்லிவிட்டு, வெளியூரில் இருக்கும் தலைக்கட்டுகளின் போன் நம்பரைக் கேள்.